மஞ்சள் பெட்டிக்குள் வெள்ளை எழுத்து

எந்தப் புத்தகம் வந்தாலும் அவள் அதைக் கறுப்பில்தான் முதலில் திறப்பாள். நாங்கள் எல்லோரும் வெள்ளையில் திறப்போம். வெள்ளைத் திரை, கறுப்பு எழுத்து, அச்சுப் புத்தகம் மாதிரி. உலகமே அப்படித்தான் படிக்கிறது என்று எங்களுக்கு ஒரு நினைப்பு. அவளோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, துப்பட்டாவைப் பின்னால் முடிச்சுப் போட்டு, நிறம் மாற்றும் மூன்று பொத்தான்களில் மூன்றாவதைத் தட்டித் திரையை இருட்டாக்கிவிட்டுத்தான் முதல் பக்கத்தைப் பார்ப்பாள். அப்புறம் செபியா என்று சொல்கிற அந்தப் பழுப்பு மஞ்சள். கடைசியில், போனால் போகட்டும் என்பதுபோல, வெள்ளை.

வடசேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு பாத்திரக்கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். வெளிநாட்டுப் பதிப்பகங்கள் அனுப்பும் அச்சுப் புத்தகங்களை மின்னூலாக மாற்றிக் கொடுப்பது தொழில். 2013, 14 வாக்கில், டிகிரி முடித்துவிட்டு சென்னைக்கு பஸ் ஏற மனமில்லாத நாகர்கோவில்காரர்களுக்கு அது நல்ல வேலை. நானும் அவளும் ஒரே நாளில் சேர்ந்தோம். எனக்கு ஸ்டைல் ஷீட் எழுதும் வேலை. தலைப்பு எவ்வளவு பெரிது, எழுத்துக்கு என்ன நிறம், எழுத்துக்குப் பின்னால் என்ன நிறம் என்றெல்லாம் புத்தகத்துக்குக் கட்டளை எழுதிவைக்கும் கோப்பு அது. ஒரு புத்தக வரிசைக்கு ஒன்று எழுதினால் போதும், அந்த வரிசையில் வரும் எல்லாப் புத்தகமும் அதன்படி நடக்கும். அவளுக்குக் கடைசி மேசை. முடித்த புத்தகத்தைத் திறந்து பார்த்து, படிவத்தில் பாஸ் அல்லது ஃபெயில் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவள் கையெழுத்து இல்லாமல் எதுவும் வெளியே போகாது.

அந்தப் படிவத்தில் ‘திரையில் பார்த்தாயிற்று’ என்று ஒரே ஒரு கட்டம்தான் அச்சடித்திருந்தார்கள். அவள் பையில் ஒரு சின்ன ஸ்கேல் வைத்திருந்தாள். தினமும் காலையில் வந்ததும் அன்றைக்கு வேண்டிய படிவங்களை அடுக்கிவைத்து, அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டம் பேனாவால் வரைவாள். வெள்ளை, செபியா, கறுப்பு. மேனேஜர் ஒருநாள் படிவத்தைக் கிறுக்காதே என்று சொன்னார். “அப்பம் அச்சடிச்சுத் தாங்க சார், கிறுக்க மாட்டேன்” என்றாள். அவர் அச்சடித்துத் தரவில்லை. அவள் கிறுக்குவதை நிறுத்தவும் இல்லை.

ஆபீசில் அவளுக்கு ‘நைட்டு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். கறுப்பில் பார்க்கிறவள் என்பது மேலுக்குச் சொன்ன காரணம். அவள் நிறத்தையும் சேர்த்துத்தான் சொன்னார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், நானும் சிரித்திருக்கிறேன். “நைட்டு வந்தாச்சு” என்று யாராவது சொன்னால், “வந்தாச்சு மக்கா, கண்ணு தெரியலன்னா லைட்டப் போடு” என்று சொல்லிக்கொண்டே தன் இடத்துக்குப் போவாள். கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர் அவளுக்கு. காற்றடிக்கிற இடத்தில் பேசிப் பழகிய குரல். அவள் மெல்லச் சொல்வது எங்களுக்குக் கத்துவது மாதிரி கேட்கும். நானோ வயல்காட்டு ஊர், சைவக் குடும்பம், வாயைத் திறந்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாது என்று வளர்க்கப்பட்டவன்.

அந்தக் குரலில் முதன்முதலாக என் மானத்தை வாங்கினாள். சேர்ந்த புதிதில் ஒரு நாவலுக்கு ஸ்டைல் ஷீட் எழுதியிருந்தேன். எழுத்து கறுப்புதானே என்று, எழுத்தின் நிறம் கறுப்பு என்று கட்டளை எழுதிவைத்துவிட்டேன். வெள்ளையில் அழகாக இருந்தது. அரை மணி நேரம் கழித்துக் கடைசி மேசையிலிருந்து சத்தம் வந்தது.

“ஏலே, இஞ்ச வா. உனக்க புத்தகத்துல எழுத்தே இல்லியே. எழுதினவரு எழுத மறந்துட்டாரா?”

போய்ப் பார்த்தால் திரை முழுக்கக் கறுப்பு. கறுப்பில் கறுப்பு எழுத்து. பக்கம் தள்ளத் தள்ளக் கறுப்பு. பின்னால் வந்து நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

“வெள்ளையில பாரு, நல்லாத் தெரியும்” என்றேன்.

“வெள்ளையில எதுதான் தெரியாது?” என்றாள்.

அப்புறம் அவளே சொன்னாள். “எழுத்துக்கு நிறம் சொல்லாத. பின்னால உள்ளதுக்கும் சொல்லாத. படிக்கிற ஆளு இஷ்டப்பட்டத வச்சிக்கிடட்டும். சொல்லித்தான் ஆகணும்னா ரெண்டையும் சொல்லு. ஒண்ண மட்டும் சொல்லி விட்டா, மத்தது என்ன நிறமா மாறும்னு உனக்குத் தெரியுமா?” நான் தலையாட்டினேன். முதல் பாதியை மட்டும் மனதில் வாங்கிக்கொண்டேன் என்பது பின்னால்தான் தெரிந்தது. அன்றிலிருந்து எழுத்துக்கு நிறம் சொல்வதை விட்டேன். குறிப்புகளைச் சுற்றிப் போடும் பெட்டிக்குப் பின்னால் நிறம் கொடுப்பதை விடவில்லை. அழகாக இருக்குமே.

இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் டீக்கடையில் நின்றுகொண்டு கேட்டேன். அவள் அம்மா மீன் விற்கிறவள். சின்ன வயதில் ஏலத்துக்குக் கூடவே போவாளாம்.

“ஏலக்காரன் சிவப்புப் படுதாவக் கெட்டி அதுக்குக் கீழ கூறு போட்டு வைப்பான். எல்லா மீனும் இப்பம் பிடிச்சதுமாதிரி மினுங்கும். அம்மை என்ன செய்வா தெரியுமா, ஒண்ணத் தூக்கிட்டு நேரா வெயிலுக்குப் போவா. அங்க நின்னு செவுளப் பொளந்து பாப்பா. பின்ன நிழலுக்குக் கொண்டு வந்து ஒருக்கப் பாப்பா. ஏலக்காரனுக்குக் கோவம் வரும்.”

“சண்டை வராதா?”

“வரும். அதுக்காக நாறினதையா வாங்க முடியும்?”

செபியாவில் அவள் பிடித்த ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். உள்ளூர் வேலையும் எப்போதாவது வரும். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் நம் மாவட்டத்துக் குளங்களைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் எழுதி, அதை மின்னூலாக்கக் கொண்டுவந்து கொடுத்தார். கதர்ச் சட்டை, கனிவான பேச்சு, மேனேஜருக்குத் தூரத்துச் சொந்தம். கோப்பை அப்படியே மாற்றி அவளிடம் கொடுத்தோம். வெள்ளையில் ஒரு குறையும் இல்லை. கறுப்பில் எழுத்தே தெரியாத வெள்ளைக் கட்டங்களாகக் கிடந்தவை, செபியாவில் திறந்தபோது பக்கத்துக்குப் பக்கம் எழுத்தோடு வெள்ளை வெள்ளையாகப் பட்டைகள். கிழிந்த சட்டைக்கு ஒட்டுப் போட்ட மாதிரி. இணையத்தில் எங்கிருந்தாவது நகலெடுத்து ஒட்டினால், அங்கே இருந்த வெள்ளைப் பின்னணியும் வால்பிடித்துக் கூடவே வந்துவிடும். வெள்ளைத் திரையில் வெள்ளை தெரியாது. செபியாவில் தப்பவே முடியாது.

அந்தப் பின்னணியைத் துடைத்துவிட ஒரு நிமிஷம் போதும். அவள் துடைக்கவில்லை. பட்டைகளைப் படித்துப் பார்த்தாள், அவர் எழுதிய பகுதியின் நடை ஒரு மாதிரி, பட்டைக்குள் இருந்த நடை வேறு மாதிரி. பேராசிரியர் பார்க்க வந்தபோது திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

“சார், இந்த வெள்ளை கெடக்க இடமெல்லாம் நீங்க எழுதினது இல்லல்லா?”

அவர் கண்ணாடியைத் துடைத்தார். குறிப்புக்காக எடுத்து வைத்தது, அடிக்குறிப்பு சேர்க்க மறந்துவிட்டது என்று ஏதோ சொன்னார். “அப்பம் சேத்துத் தாங்க, காத்திருக்கேன்” என்றாள். மேனேஜர் அவளை அறைக்குள் கூப்பிட்டுத் திட்டினார். வெளியே வந்து எங்களிடம், “நான் திருடினாரான்னு கேக்கவே இல்ல. வெள்ளையா இருக்கேன்னுதான் கேட்டேன்” என்றாள். பேராசிரியர் இரண்டு மாதம் கழித்துப் புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார், ஒவ்வொரு பட்டைக்கும் கீழே யாருடைய வரி என்று எழுதி. அவளைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அடிக்குறிப்புகளை ஒழுங்காகப் போட்டிருந்தார் என்று அவள் மெச்சினாள்.

இன்னொன்றும் நினைவிருக்கிறது. சாப்பாட்டு அறையில் ஒருநாள் ‘மணம் வீசும் அசைவ உணவுகளைத் தவிர்க்கவும்’ என்று தாள் ஒட்டியிருந்தார்கள். முப்பது பேர் வேலை பார்க்கும் ஆபீசில் தினமும் மீன் கொண்டுவருகிறவள் அவள் ஒருத்திதான். தாளைப் படித்தாள், டப்பாவை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள். “சார், இது எனக்குத்தான். எனக்க பேரப் போட்டு ஒட்டுங்க. பேரில்லாம ஒட்டினா மத்தவங்களுக்கும் சங்கடம்லா.” அவர் எழுந்துபோய்த் தாளைக் கிழித்துவிட்டார். மத்தியானம் அவள் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை என் முன்னால் திறந்துவைத்து நிதானமாகச் சாப்பிட்டாள். எனக்கு அந்த வாசனை பிடிக்காது. எழுந்து போகவும் முடியவில்லை.

இனி அந்த மருந்துப் புத்தகத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சுற்றினேன், சொல்ல வாய் வராமல்தான் சுற்றினேன்.

நர்சுகளுக்கான கைப்புத்தக வரிசை அது. ஒவ்வொரு புத்தகத்திலும் பக்கத்துக்கு ஒன்றோ இரண்டோ எச்சரிக்கைகள். இந்த மருந்தை அந்த மருந்தோடு சேர்த்துக் கொடுக்காதே, இந்த அளவுக்கு மேல் ஏற்றாதே, இது குழந்தைக்கு ஆகாது. அச்சில் அவையெல்லாம் வெளிர்மஞ்சள் பெட்டிக்குள் இருந்தன. ‘நிறங்கள் அச்சில் உள்ளபடி’ என்று பதிப்பகம் கொடுத்த விதிமுறையில் ஒரு வரி இருந்தது. நான் அந்த மஞ்சளை அச்சுப் பக்கத்திலிருந்து அப்படியே எடுத்து, பெட்டியின் பின்னணிக்குக் கொடுத்தேன். எழுத்துக்கு நிறம் சொல்லவில்லை. அந்த வேலை நன்றாக இருக்கிறது என்று என்னை அந்த வரிசைக்கு லீடாகவும், அதாவது பொறுப்பாளாகவும் போட்டார்கள். வீட்டில் அம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டாள்.

முதல் நான்கு புத்தகங்கள் போனபோது அவள் ஊரில் கோயில் திருவிழா. கொடியேறினால் பத்து நாளும் அவள் ஆபீசுக்கு வரமாட்டாள், யார் சொன்னாலும் வரமாட்டாள். அவளுக்குப் பதிலாகப் பார்த்தவர் வெள்ளையில் மட்டும் பார்த்து பாஸ் போட்டுவிட்டார். ஐந்தாவது புத்தகம் அவள் கைக்கு வந்தது.

கறுப்பில் திறந்தாள். கறுப்பில் எழுத்து தானாகவே வெள்ளையாகிவிடும். நான் கட்டளையிட்ட வெளிர்மஞ்சள் மட்டும் மாறாமல் அங்கேயே நிற்கும். வெளிர்மஞ்சளின் மேல் வெள்ளை எழுத்து. பக்கத்தில் மற்ற எல்லாம் படிக்க முடிந்தது. எச்சரிக்கைப் பெட்டிகள் மட்டும் காலியாக, மஞ்சளாக, பளிச்சென்று இருந்தன. உள்ளே ஒன்றும் இல்லை.

இந்தத் தடவை அவள் சத்தம் போடவில்லை. என் மேசைக்கு வந்து, “ஏலே, வந்து ஒண்ணு பாரு” என்று மட்டும் சொன்னாள். பார்த்தேன். “சரி பண்ணிரலாம்” என்றேன். “முன்ன போன நாலு?” என்று கேட்டாள். அவள் படிவத்தில் ஃபெயில் என்று எழுதி மேனேஜரிடம் கொடுத்தாள்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. இரண்டு நாளில் புத்தகம் போயாக வேண்டும் என்ற நெருக்கடி அவருக்கு. அதைவிட, போன நாலையும் தப்பு என்று எழுதிக் கொடுத்தால் அந்த வரிசையே கையைவிட்டுப் போய்விடும் என்ற பயம்.

“விதிமுறையில மஞ்சள்னு போட்டிருக்கான். மஞ்சள் குடுத்திருக்கோம். கறுப்பாக்கிப் படிக்கிறது படிக்கிறவன் பாடு” என்றார்.

“நைட் டூட்டி நர்சு எதுல சார் படிப்பா? வார்டுல லைட்ட அணைச்சுட்டு, பேஷண்டெல்லாம் ஒறங்கும்போ, வெள்ளையிலயா வச்சுப் படிப்பா?”

“இது நம்ம கம்ப்யூட்டர்ல அப்படித் தெரியுது. நிஜமான போன்ல நல்லாத்தான் இருக்கும். சும்மா பீதியக் கிளப்பாத.”

அந்த வார்த்தைதான் அவளைக் கிளப்பிவிட்டது. அவளுடைய அக்கா குவைத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆபீசிலிருந்து புத்தகத்தின் ஒரு துண்டைக்கூட யாருக்கும் அனுப்பக்கூடாது, அனுப்பினால் வேலை போகும், சேரும்போதே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். அவள் தன் மேசையில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க, ஒரு அத்தியாயத்தை அக்காவுக்கு மெயிலில் அனுப்பினாள். மறுநாள் காலையில் அக்காவின் போனிலிருந்து படம் வந்தது. கறுப்புத் திரை, நடுவே காலியான மஞ்சள் பெட்டி, ஓரத்தில் அக்காவின் கட்டைவிரல். அவள் அந்தப் போனைக் கொண்டுபோய் மேனேஜரின் மேசையில் வைத்தாள்.

அவர் படத்தைப் பார்த்தார். அப்புறம், “இது எப்படி அங்க போச்சு?” என்று கேட்டார்.

“நான்தான் அனுப்பினேன். நிஜ போன்ல நல்லாருக்கும்னு சொன்னீங்கல்லா. இது நிஜ போனு.”

அன்று மத்தியானம் முதலாளி வந்துவிட்டார். கண்ணாடிக் கதவுக்குள் அவர், மேனேஜர், அவள். கொஞ்ச நேரத்தில் என்னையும் கூப்பிட்டார்கள். முதலாளி தன்மையாகத்தான் பேசினார். இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதும், வேலையில் இருக்கலாம் என்றார். கோப்பை வெளியே அனுப்பியது தவறு என்று ஒரு வரி. புத்தகத்தில் பிழை இல்லை, என் புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று இன்னொரு வரி.

“மொதல் வரி எழுதித் தாறேன் சார். அது நான் செஞ்ச தப்பு. ரெண்டாவது எழுத மாட்டேன். பிழை கெடக்கு.”

முதலாளி என்னைப் பார்த்தார். “நீதான இதுக்கு லீடு. நீ சொல்லுப்பா. பிழை இருக்கா?”

மேசையில் அவள் போன் இருந்தது. படம் திரையில்தான் இருந்தது. எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று இத்தனை வருஷமாகப் பலவிதமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். குடும்பம், சூழ்நிலை, முதலாளியின் முகம். எல்லாம் கதை. பயம். வேறு ஒன்றும் இல்லை.

“விதிமுறைப்படி சரிதான் சார்” என்றேன்.

அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். “கொள்ளாம்” என்றாள், நன்றாகத்தான் இருக்கிறது என்று. அவ்வளவுதான். வெள்ளைத் தாளில் முதல் வரியை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டு மேசையில் வைத்தாள். போனை எடுத்துக்கொண்டாள், சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டாள், படியிறங்கிப் போய்விட்டாள். அவள் எழுதிய ஃபெயிலின் மேல் மேனேஜர் கோடு போட்டு, ‘தவறான புகார்’ என்று சிவப்பு மையில் எழுதினார். அந்தப் புத்தகத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

நான் செய்தது இது. எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் ஸ்டைல் ஷீட்டைத் திறந்தேன். மஞ்சள் வரியை அழித்தேன். அதற்குப் பதிலாகப் பெட்டியைச் சுற்றி நான்கு பக்கமும் தடித்த கோடு போட்டேன், கோட்டுக்கு நிறம் சொல்லவில்லை. நிறம் சொல்லாத கோடு எழுத்தின் நிறத்தையே எடுத்துக்கொள்ளும். வெள்ளையில் கறுப்புக் கோடு, கறுப்பில் வெள்ளைக் கோடு. மூன்றிலும் பார்த்தேன். எச்சரிக்கைகள் மூன்றிலும் தெளிவாக இருந்தன. பாஸ் என்று எழுதி அனுப்பிவிட்டேன். மேனேஜர் வெள்ளையில்கூடத் திறந்து பார்க்கவில்லை. பதிப்பகமும் மஞ்சள் எங்கே என்று கேட்கவில்லை.

ஒரு வாரம் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. ஏதோ பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி. அந்த நிமிர்ந்த நெஞ்சோடு அவளுக்கு போன் போட்டேன். பஸ் ஸ்டாண்டு இரைச்சலுக்கு நடுவே நின்று, புத்தகத்தைச் சரி பண்ணிவிட்டேன், யாருக்கும் தெரியாது, நீ சொன்ன மாதிரியே இப்போது எல்லாம் தெரிகிறது என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“செரி. எனக்க ஃபாரத்துல இப்பம் என்ன எழுதிக் கெடக்கு?”

“அது... தவறான புகார்னு.”

“மாத்தினியா?”

“இல்ல.”

“முன்ன போன நாலு புத்தகம்?”

அதைச் சரி பண்ண வேண்டுமென்றால் பதிப்பகத்திடம் சொல்ல வேண்டும். சொன்னால் யார் செய்த தப்பு என்று கேட்பார்கள்.

“அந்த நாலும் எங்கயோ ஆஸ்பத்திரியில ஏதோ ஒரு பொம்பளைக்க கையில இருக்கும். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. பெட்டி மஞ்சளா இருக்கு, அழகுக்குப் போட்டிருப்பான்னு நெனச்சிட்டு மருந்து ஏத்துவா. நீ இஞ்ச யாருக்கும் தெரியாம ஒண்ணச் சரியாக்கிட்டு, எனக்கு போன் போட்டுப் பெருமையடிக்கியா? ஒளிச்சுச் செஞ்சதுக்கெல்லாம் என்கிட்ட பாஸ் கெடைக்காது மக்கா. வை போன.”

வைத்துவிட்டாள். நான் அந்த இடத்திலேயே நின்றேன். அவமானமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது. அவள் மேல்தான் கோபம். வேலை போனவளுக்கு நல்ல சேதி சொல்லலாம் என்று வந்தால் இப்படியா என்று. திங்கள்சந்தை பஸ் ஒன்று போனது, இன்னொன்று போனது. மூன்றாவது பஸ் போவதற்குள் கோபம் தானாக இடம் மாறி என் மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் காலை ஆபீசுக்குப் போனதும் பதிப்பகத்துக்கு நேராக ஒரு கடிதம் எழுதினேன். மேனேஜருக்கும் முதலாளிக்கும் நகல் போட்டேன், அவளுடைய சொந்த மெயிலுக்கும் ஒன்று. முன்பு அனுப்பிய நான்கு புத்தகங்களிலும் எச்சரிக்கைகள் கறுப்புத் திரையில் தெரியாது, பிழை என்னுடைய ஸ்டைல் ஷீட்டில் இருக்கிறது, உடனே திருப்பி வாங்கித் திருத்த வேண்டும், எங்கள் சரிபார்ப்பாளர் இது குறித்து ஏற்கெனவே சந்தேகம் தெரிவித்திருந்தார். அவள் பெயரை முழுதாக எழுதினேன்.

மேனேஜர் வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். “உனக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?” என்று கேட்டார். சாயங்காலம் பதிப்பகத்திலிருந்து பதில் வந்தது, இரண்டே வரி. நான்கையும் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டோம், திருத்தி அனுப்புங்கள். என்னிடமிருந்து லீடு வேலையைப் பறித்து இன்னொருவனுக்குக் கொடுத்தார்கள். அவளை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அவள் வரவில்லை. அவளை நான் அப்புறம் பார்க்கவும் இல்லை.

ஆனால் அன்று சாயங்காலமே அவளிடமிருந்து ஒரு பதில் வந்தது. ‘நன்றி’ இல்லை, ‘பரவாயில்லை’யும் இல்லை.

“ஏலே, ‘சந்தேகம் தெரிவித்திருந்தார்’னு எழுதியிருக்கே. எனக்கு ஒரு சந்தேகமும் கெடயாது. நான் பாத்தேன். நீயும் பாத்த. மாத்தி எழுது.”

திரும்ப உட்கார்ந்தேன். அதே பதிப்பகத்துக்கு, அதே நகல்களோடு, இன்னொரு கடிதம். காலையில் அனுப்பிய கடிதத்தில் ஒரு திருத்தம் என்று தொடங்கினேன். எங்கள் சரிபார்ப்பாளர் சந்தேகப்படவில்லை. அவர் பார்த்தார், பார்த்ததைச் சொன்னார். நானும் பார்த்தேன். பிழை இல்லை என்று சொன்னேன்.